முதல் பீடி எத்தனை மணிக்கு?

என்னிடம் வருகிறவரிடம் “ஒரு நாளைக்கு எத்தனை?” என்று நான் முதலில் கேட்பதில்லை. கேட்டாலும் சரியான எண்ணிக்கை வராது. பக்கத்தில் மனைவி நின்றால் ஒரு கணக்கு, நிற்காவிட்டால் வேறு கணக்கு. நான் கேட்பது இதுதான்: “காலையில கண்ணு முழிச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடி பத்த வைப்பீங்க?”

இதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. “காப்பி குடிச்சிட்டுத்தான்” என்பார் ஒருவர். “பாயில இருந்து எந்திரிக்கும்போதே” என்பார் இன்னொருவர். நடுராத்திரி எழுந்து ஒன்று குடித்துவிட்டுப் படுப்பதைக்கூடச் சிலர் சொல்லிவிடுவார்கள். எழுந்த ஐந்து நிமிடத்துக்குள் பீடியோ சிகரெட்டோ வேண்டும் என்றால் அந்த உடம்பு நிகோடினில் ஊறிப்போயிருக்கிறது. அங்கே வெறும் புத்திமதி பலிக்காது, மருந்தும் சேர வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறவருக்குப் பேச்சும் துணையுமே பல நேரம் போதும். சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஃபாகர்ஸ்ட்ரோமின் பெயரால் உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆறு கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் மிகுந்த மதிப்பெண் உள்ள கேள்விகளில் ஒன்று இந்த முதல் பீடிக் கேள்வி.

திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில், நெஞ்சக நோய்ப் பிரிவில் நர்சாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். அறை வாசலில் ‘புகையிலை நிறுத்த ஆலோசனை மையம்’ என்று பலகை மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கு அது ‘பீடி நிப்பாட்டுற ரூம்’. எங்கள் ஊர்களில் பீடி குடிப்பவரைத் திட்டுவதற்கு ஆள் குறைச்சல் இல்லை. மனைவி திட்டுவாள், மகள் அழுவாள், டாக்டர் ‘புகைப்பதை நிறுத்தவும்’ என்று சீட்டில் எழுதுவார். எப்படி நிறுத்துவது என்று உட்கார வைத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஓர் இழுப்பு உள்ளே போனால் பத்து இருபது நொடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. கையில் ஊசி போட்டால்கூட மருந்து அத்தனை வேகமாகப் போகாது. அங்கே அது டோபமைன் என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. மனது லேசாகிறது, கவனம் கூடுகிறது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள நிகோடின் பாதியாகக் குறைந்துவிடும். உடனே எரிச்சல், படபடப்பு, கை எதையோ தேடுவது. அடுத்ததைப் பற்ற வைத்ததும் அந்த எரிச்சல் அடங்குகிறது. “டென்ஷனுக்குத்தாம்மா குடிக்கேன்” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த டென்ஷனில் பாதி, முந்தின பீடி விட்டுப்போனது. நாள்பட நாள்பட மூளையில் நிகோடினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் பெருகிவிடுகின்றன. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த அந்த ஏற்பிகள்தான் விடிந்ததும் பாயிலேயே தீப்பெட்டியைத் தேட வைக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. பெண் என்பதால் என்னிடம் சொல்லத் தயங்கித் தயங்கி, கடைசியில் சொல்வார்கள்: “என்ன செய்ய தாயி, காலைல ஒண்ணு குடிக்கலேன்னா வயிறு எளக மாட்டேங்கு.” இதைச் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. நிகோடின் குடலையும் முடுக்கிவிடும். அதை நிறுத்தினால் சில வாரங்களுக்கு மலச்சிக்கல் வருவது இயல்பு. வெந்நீர், வாழைப்பழம், கீரை, கொஞ்சம் நடை. அதற்கும் அசையாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஒரு மருந்து. இதை முன்கூட்டியே சொல்லாததால் மூன்றாம் நாளே திரும்பவும் பற்ற வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புகையிலை நம் மண்ணின் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகளிடம் இருந்ததை 1492-ல் கொலம்பஸோடு போனவர்கள் பார்த்தார்கள். ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து போர்ச்சுக்கீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. 1617-லேயே முகலாய அரசர் ஜஹாங்கீர் அதைத் தடை செய்து பார்த்தார், பலிக்கவில்லை. திருச்சிச் சுருட்டின் புகழ் இங்கிலாந்து வரை போய், ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் சாம்பலை வைத்துத் துப்பறியும் அளவுக்கு இடம் பிடித்தது. ஆனால் சுருட்டுப் புகை காரமானது. பெரும்பாலானவர்கள் அதை வாயோடு நிறுத்திக்கொள்வார்கள். சிகரெட்டுக்கென்று பக்குவப்படுத்திய புகையிலையின் புகை தொண்டையை அவ்வளவாக அறுக்காது. இழுத்தால் நுரையீரலின் அடி வரைக்கும் இறங்கும். கேடு முழுக்க அந்த இதத்தில்தான் இருக்கிறது.

அப்படியும் கையால் சுற்றிய காலத்தில் சிகரெட் பணக்காரர் பொருளாகத்தான் இருந்தது. 1881-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் பான்சாக் என்ற இளைஞர் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பத்து மணி நேரத்தில் சுமார் 1,20,000 சிகரெட்டுகளை அது தள்ளியது. ஜேம்ஸ் டியூக் என்ற வியாபாரி அதைக் கையில் எடுத்தார். சரக்கு மலையாகக் குவிந்தபோது அதை வாங்குவதற்கு ஆளையும் உண்டாக்க வேண்டியிருந்தது, விளம்பரம் பெருகியது. பிறகு இரண்டு உலகப் போர்கள் வந்தன, படைவீரர்களுக்கு ரேஷனோடு சேர்த்தே சிகரெட் கொடுத்தார்கள்.

அந்தப் புகைக்கான விலை இருபது முப்பது ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர்கள் 612 பேர். 1947-ல் 9,287 பேர். என்ன காரணம் என்று யாருக்கும் புரியவில்லை. ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் லண்டன் மருத்துவமனைகளில் படுத்திருந்த நோயாளிகளிடம் கேள்வி கேட்கக் கிளம்பியபோது, சாலைக்குப் போடும் தாரும் மோட்டார் வண்டிப் புகையும்தான் டாலின் சந்தேகம். விடைகள் சேரச் சேர, மற்ற எல்லாம் விலகி சிகரெட் மட்டும் நின்றது. ஆய்வு முடிவதற்குள்ளேயே டால் தன் சிகரெட்டை விட்டுவிட்டார். 1950 செப்டம்பரில் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது.

அதே ஆண்டு சில மாதம் முன்னால் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மாணவரும் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவரும் இதே முடிவைச் சொல்லியிருந்தார்கள். கிரஹாமின் கதையை என் அறைக்கு வருகிற டாக்டர்களுக்கு நான் மறக்காமல் சொல்வேன். புற்றுநோய் வந்த ஒரு நுரையீரலை முழுதாக எடுத்து நோயாளியைப் பிழைக்க வைக்கும் அறுவையை 1933-ல் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் அவர். விடாமல் சிகரெட் பிடித்தவர். சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் என்று மாணவர் சொன்னபோது நம்பாமல்தான் ஆய்வுக்கு ஒப்புக்கொண்டார். எண்கள் வந்ததும் நம்பினார், பிடிப்பதை நிறுத்தினார். 1957-ல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்தார். அவர் 1933-ல் அறுவை செய்த நோயாளி அவருக்குப் பின்னும் சில ஆண்டு உயிரோடிருந்தார். படித்தவர், அதிலும் இந்த நோயை அறுத்துப் பார்த்தவர், அவராலேயே ஆண்டுக்கணக்கில் விட முடியவில்லை. பிறகு லோடு இறக்குகிறவரையும் கொத்தனாரையும் பார்த்து ‘உனக்கு மன உறுதி இல்லை’ என்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 1954 ஜனவரியில் அமெரிக்காவின் 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை கொடுத்தார்கள்: எதுவும் நிரூபணமாகவில்லை, உங்கள் உடல்நலம்தான் எங்கள் முதல் அக்கறை என்று. இன்னொரு பக்கம் ஃபில்டரைக் கொண்டுவந்தார்கள். புகை பட்டதும் ஃபில்டரின் நுனி பழுப்பாக மாறினால், அழுக்கை அது தடுக்கிறது என்று வாங்குபவர் நம்புவார். வடிகட்டும் திறன் அதனால் கூடப்போவதில்லை, ஆனாலும் விற்பனைக்கு நல்லது என்று ஒரு பெரிய கம்பெனியின் வேதியியலாளர் 1953-லேயே எழுதி வைத்த குறிப்பு பிற்பாடு வெளியே வந்தது. இன்றைக்கும் “நான் ஃபில்டர்தாம்மா பிடிக்கேன்” என்று நிம்மதியாகச் சொல்கிறவர்களைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பு ஞாபகத்துக்கு வந்து நெஞ்சு எரிகிறது. ‘லைட்’ என்று விற்றவையும் அப்படித்தான். ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அளக்கும் இயந்திரம் இழுக்கும்போது அதன் வழியே காற்று கலந்து அளவு குறைவாகக் காட்டும். மனிதர் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளையை மூடும், நிகோடின் போதாமல் இன்னும் ஆழமாக இழுப்பார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்துப் பார்த்து நம் ஆட்களுக்குப் புகை என்றால் புற்றுநோய் என்று மட்டும் மனதில் பதிந்துவிட்டது. “எங்க அப்பா எண்பது வயசு வரைக்கும் குடிச்சாரு, கேன்சர் வரலையே” என்பார்கள். நான் நர்சாக வேலை பார்த்த வார்டில் புகையால் வந்து படுத்தவர்களில் புற்றுநோய்க்காரர் கொஞ்சம்தான். கட்டிலை நிரப்பியவர்கள் காசநோய்க்காரர்களும் மூச்சிரைப்புக்காரர்களும்.

இதற்குப் பெரிய ஆதாரம் நம் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் வி. கஜலட்சுமியும், டாலோடு வேலை பார்த்த ரிச்சர்ட் பீட்டோவும், இன்னும் இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு 2003-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் 1990-களில் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களைப் பற்றிய விவரம் அதில் இருக்கிறது. களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய், சாவதற்கு முன் இருமல் எத்தனை நாள் இருந்தது, ரத்தம் வந்ததா, நெஞ்சு வலித்ததா, பீடி குடிப்பாரா என்று மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கேட்டு எழுதினார்கள். உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புகைக்காதவரைவிடப் புகைப்பவர் காசநோயில் சாவது நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் ஆண்களின் காசநோய்ச் சாவில் பாதிக்குக் காரணம் புகை என்று அவர்கள் முடிவு சொன்னார்கள். காசநோயைப் பசியும் நெரிசலும் கொண்டுவரும் நோய் என்று மட்டும் நினைத்திருந்த உலகத்துக்கு அது புதிய செய்தி.

மூச்சுக்குழாயின் உள்சுவர் முழுக்க மெல்லிய நுண்ணிழைகள் உண்டு. தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. புகை பட்டால் அவை முடங்கிவிடும். நுரையீரலுக்குள் கிருமியைத் தின்று அழிக்கும் செல்களும் புகையால் சோர்ந்துபோகும். காசநோய்க் கிருமி நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்களின் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது எழவே எழாது. காவல் தளர்ந்த நெஞ்சில் எழுந்துவிடுகிறது. ஆறு மாத மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டே வார்டுக்குப் பின்னால் போய்ப் பீடி குடிப்பவருக்குச் சளி சுத்தமாவது தாமதமாகும், குணமான பிறகும் நோய் திரும்பும் ஆபத்து கூடும். காசநோய் மாத்திரை வாங்க வரும் ஒவ்வொருவரையும் அதனால்தான் எங்கள் அறைக்கும் அனுப்பச் சொல்கிறோம்.

காலைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. முப்பத்தெட்டு வயது லோடுமேன் ஒருவர் வந்தார். வலது கால் சுண்டுவிரல் நுனி கருத்திருந்தது. “ஆணி குத்துனது ஆறலைன்னு நெனச்சேன் மேடம்” என்றார். சர்க்கரை பரிசோதித்தால் இல்லை. கேட்கக் கேட்கத்தான் வந்தது: ஒரு வருஷமாகவே நாலு தெரு நடந்தால் கெண்டைக்கால் கடுத்துக்கொள்ளும், நின்றால் சரியாகும், ராத்திரி காலைத் தொங்கப் போட்டால்தான் தூக்கம். இதற்குப் பர்கர் நோய் என்று பெயர். நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற மருத்துவர் 1908-ல் விவரித்தது. கை கால் நுனிகளுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அழன்று அடைத்துக்கொள்ளும். ஏறத்தாழ எல்லா நோயாளிகளுமே புகையிலைக்காரர்கள், பெரும்பாலும் இளம் வயது ஆண்கள். இந்த நோய்க்கு முதல் மருந்தும் முக்கிய மருந்தும் புகையை அடியோடு நிறுத்துவதுதான். நாளைக்கு ஒன்று மட்டும் என்றாலும் நோய் நிற்காது. விரல் போய், பாதம் போய், முழங்காலுக்குக் கீழே எடுக்கும் நிலை வரும். அந்தச் சகோதரர் அன்றைக்கே நிறுத்தினார். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று, கால் மிஞ்சியது.

பீடியைப் பற்றி நான் எழுதும்போது என் அம்மாவைப் பற்றி எழுதாமல் தீராது. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மடியில் தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வரும் இலையை ராத்திரி நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, காலையில் தகடு வைத்து வெட்டி, நரம்பெடுத்து, குஜராத்திலிருந்தும் கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தும் வரும் தூளைத் தூவி, சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்குவார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அம்மாவின் விரல் நுனிகள் எப்போதும் பழுப்பாகவே இருக்கும், உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிந்துபோகும், தூசியில் இருமல் தீராது. அந்தக் கூலியிலும், பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கும் படிப்பு உதவித்தொகையிலும்தான் நான் நர்சிங் படித்தேன். பீடியை ஒழிக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள், இந்தப் பெண்களுக்கு வேறென்ன வேலை என்பதையும் அதே மூச்சில் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தையலோ, உணவுப் பொருள் தயாரிப்போ, எதுவானாலும் வீட்டை விட்டு வெகுதூரம் போகாமல் செய்கிற வேலையாக, வாராவாரம் கையில் காசு வருகிற வேலையாக இருக்க வேண்டும். அது வராதவரை தட்டு மடியை விட்டு இறங்காது.

ஆனால் அந்த நன்றிக்காகப் பீடியை நல்லது என்று சொல்ல மாட்டேன். ‘சிகரெட்தான் கெடுதல், பீடி இலைதானே’ என்ற எண்ணம் எங்கள் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு பீடியில் இருக்கும் தூள் சிகரெட்டில் இருப்பதில் நாலில் ஒரு பங்குதான். ஆனால் இலை காகிதம்போல் காற்றை விடாது, இழுக்காவிட்டால் அணைந்தும்விடும். அதனால் அடிக்கடியும் அழுத்தியும் இழுக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் தாரும் கார்பன் மோனாக்சைடு வாயுவும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன. 2016-17-ல் எடுத்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடியும், 4 சதவீதம் பேர் சிகரெட்டும் பிடித்தார்கள். இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வொன்று, சிகரெட் பிடிக்கும் ஆண் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளையும், பீடி குடிக்கும் ஆண் ஆறு ஆண்டையும், பீடி குடிக்கும் பெண் எட்டு ஆண்டையும் இழப்பதாகச் சொன்னது. ஆனாலும் பீடிக்கு வரி சிகரெட்டைவிடக் குறைவு. ஏழையின் ஆயுள் என்ன மலிவா?

வீட்டிலிருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கணவன் விடும் புகையை மட்டுமே சுவாசித்த, தான் புகைக்காத மனைவிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருவதை 1981-லேயே ஜப்பானின் தகேஷி ஹிராயாமா 90,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பதினான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்துக் காட்டினார். திண்ணையில் உட்கார்ந்து குடித்தாலும் புகை வாசல் வழியே உள்ளே வரும்.

சட்டம் இருக்கிறது. 2003-ல் வந்த சட்டத்தின்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது, பள்ளி கல்லூரிக்கு நூறு கெஜத்துக்குள் கடை கூடாது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். 2016 முதல் பெட்டியின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம். பேருந்திலும் சினிமா தியேட்டரிலும் புகை ஒழிந்திருக்கிறது. என் சின்ன வயதில் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் குடிக்கும் புகை முகத்தில் அடிக்கும், இன்று அது இல்லை. இதைச் சின்ன வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓட்டை எங்கே என்றால் பெட்டிக்கடையில். கடைத் தூணில் ஒரு கயிறு நுனியில் கனன்றுகொண்டு தொங்கும். இப்போது பல கடைகளில் கயிற்றில் கட்டிய லைட்டர். பையன் ஒருவன் வருவான், ஒன்று வாங்குவான், அங்கேயே பற்ற வைப்பான், பாக்கு மிட்டாயோ மிண்ட்டோ ஒன்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போவான். பெட்டியை அவன் தொடவே இல்லை. படத்தையும் பார்க்கவில்லை, விலை கூடினாலும் ஒன்றின் விலைதான் அவனுக்குக் கணக்கு. உதிரியாக விற்பதை நிறுத்தினால் பிள்ளைகள் தொடங்குவது நிச்சயம் குறையும் என்பது என் உறுதியான எண்ணம். பெரும்பாலானவர்கள் தொடங்குவது இருபது வயதுக்குள். என்னிடம் வருகிற ஐம்பது வயதுக்காரர் எவரும் நாற்பதில் தொடங்கியவர் அல்ல.

இனி விடுவதைப் பற்றி. நவம்பரில் எங்கள் அறையில் கூட்டம் குறையும். பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள். நாளைக்கு இரண்டு கட்டு குடித்தவர், “என்னால முடியாது” என்று என்னிடம் சத்தியம் செய்தவர், நாற்பத்தொரு நாளும் தொடாமல் இருப்பார். மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் டீக்கடையில் கையில் பீடி. இதை யோசித்துப் பாருங்கள். நிகோடினை விட்ட உடம்பின் அவஸ்தை முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நாற்பத்தொன்றாம் நாள் அவர் உடம்பு பீடியைக் கேட்கவில்லை. டீ, பழைய கூட்டாளி, சாப்பிட்டதும் கை போகும் சட்டைப் பை, இவைதான் கேட்கின்றன. ஆகவே மாலை போட்டவரிடம் நான் கேட்பது, “கழற்றுற அன்னைக்கு என்ன செய்யப் போறீங்க சாமி?” என்பதுதான். அந்த ஒரு வாரத்துக்கு டீக்கடையை மாற்றுங்கள், அல்லது டீயை வீட்டிலேயே குடியுங்கள், சட்டைப் பையில் கிராம்பும் ஏலக்காயும் வையுங்கள் என்று எழுதிக் கொடுப்போம். நோன்பு மாதத்தில் பகல் முழுக்கத் தாங்குகிற பாய்மார்களுக்கும் இதே யோசனைதான். அவர்களுக்கு நோன்பு திறக்கும் நேரம்தான் கண்டம்.

எழுந்ததும் பற்ற வைக்கிறவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் உதவும். இது வந்த கதை சுவையானது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத சுவீடன் மாலுமிகள் வாய்ப் புகையிலைக்கு மாறிச் சமாளிப்பதைக் கவனித்த ஒருவர் 1967-ல் ஊவே ஃபெர்னோ என்ற வேதியியலாளருக்குக் கடிதம் எழுத, அவர் புகையும் தாரும் இல்லாமல் நிகோடினை மட்டும் கொடுக்கும் கம்மை உருவாக்கினார். நம் ஊர் மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் கம் சீட்டில்லாமலே கிடைக்கும். ஆனால் பலர் அதைச் சாதாரண சூயிங்கம்போல் மென்று தள்ளி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து தூக்கி எறிந்துவிடுகிறார்கள். மெல்ல மெல்ல மென்றால் நாக்கில் சுருசுருவென்று காரம் தெரியும். உடனே மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் திரும்ப நாலு கடி, திரும்ப ஒதுக்கல். அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி முன்னாலிருந்து டீ, காப்பி, எலுமிச்சைச் சாறு கூடாது. புளிப்பும் காப்பியும் இருந்தால் வாயில் நிகோடின் ஏறாது. நெஞ்சுவலி வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஒட்டும் பட்டையும், வாரெனிக்கிளின், புப்ரோப்பியான் மாத்திரைகளும் இருக்கின்றன. மாத்திரை டாக்டர் சீட்டோடுதான்.

ஆசை எழும்பினால் அது மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்தான் நிற்கும். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு வேலை வேண்டும்: ஒரு சொம்பு தண்ணீர், தெருமுனை வரை நடை, யாருக்காவது போன். வீட்டுப் பெண்களைத் தனியே உட்கார வைத்துச் சொல்வேன்: “முதல் வாரம் சோத்துல உப்பில்லேன்னு தட்டை எறிவாரு, பிள்ளையக் காரணமில்லாமத் திட்டுவாரு. பதிலுக்குப் பேசாதீங்க. ‘பேசாம நீ பீடியே குடிச்சுத் தொலை’ன்னு மட்டும் வாயில வந்துரக் கூடாது.” இருமல் முதலில் கூடும், முடங்கிக் கிடந்த நுண்ணிழைகள் எழுந்து பழைய அழுக்கைத் தள்ளுகின்றன. அதைப் பார்த்து, விட்டதால்தான் நோய் வந்தது என்று திரும்பப் பற்ற வைப்பவர்கள் உண்டு. இடையில் ஒரு கல்யாண வீட்டில் ஒன்று குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். மறுநாள் காலை திரும்ப வாருங்கள். பலமுறை முயன்று விட்டவர்கள்தான் அதிகம்.

எங்கள் அறையில் மேஜைமேல் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. மூச்சைப் பிடித்து ஊதினால் ரத்தத்தில் ஏறியிருக்கும் கார்பன் மோனாக்சைடை எண்ணாகக் காட்டும். இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். இதயம் அதனால் குறைந்த ஆக்சிஜனில் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். காலையிலிருந்து குடித்துவிட்டு வந்தவர் ஊதினால் இருபதைத் தாண்டும், சிவப்பு விளக்கு எரியும். இரண்டு நாள் விட்டுவிட்டு வந்து ஊதினால் ஆறுக்குக் கீழே பச்சை. ஒன்றிரண்டு நாளில் உடம்பு தன்னைக் கழுவிக்கொள்வதைக் கண்ணால் பார்த்ததும் ஆட்களின் முகம் மாறிவிடும். “இன்னொரு தடவ ஊதட்டுமா தாயி?” என்று கேட்டு ஊதிய பெரியவர் ஒருவரை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. “இனிமே விட்டு என்ன ஆகப்போகுது” என்றுதான் முதலில் வந்து உட்கார்ந்தார். டால் 1951-ல் பிரிட்டிஷ் மருத்துவர்களையே எடுத்துக்கொண்டு தொடங்கிய ஆய்வு ஐம்பது ஆண்டு நடந்தது. அதில், தொடர்ந்து புகைத்தவர்களைவிட, முப்பது வயதில் விட்டவர் சுமார் பத்து ஆண்டும், நாற்பதில் விட்டவர் ஒன்பதும், ஐம்பதில் விட்டவர் ஆறும், அறுபதில் விட்டவர் மூன்றும் கூடுதலாக வாழ்ந்தார்கள். மூன்று வருஷம் என்றதும் பெரியவர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். “பேத்தி பன்னெண்டாவது முடிச்சிருவா” என்றார்.

மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்கு மத்திய அரசின் இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 1800-11-2356. பெங்களூர் நிம்ஹான்ஸ் மையத்திலிருந்து தமிழிலும் பேசுவார்கள். விடும் நாளை உங்களோடு சேர்ந்தே குறிப்பார்கள், அதற்குப் பிறகு அவர்களே கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் பீடிக் கட்டிலும் இந்த எண்ணை அச்சிட வேண்டும் என்பது 2018-லிருந்து விதி. உதிரியாக ஒன்று வாங்குகிறவர் கையில் அந்த எண் போய்ச் சேர்வதில்லை என்பதால் இங்கே எழுதியிருக்கிறேன். வெட்டியெடுத்து, வீட்டில் யார் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கிறதோ அதிலேயே திட்டாமல் வைத்துவிடுங்கள்.